லீவு விடுவது யார், கூரையைப் பார்ப்பது யார்?

மழை இரவுகளில் கேரளத்துப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பது மாவட்டக் கலெக்டரின் பேஸ்புக் பக்கத்தை. ‘சார், நாளைக்கு லீவு உண்டா?’ என்று கெஞ்சல், கேலி, செல்ல மிரட்டல் எல்லாம் அங்கே வந்து விழும். 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆலப்புழை கலெக்டராகப் பொறுப்பேற்ற கிருஷ்ண தேஜா போட்ட முதல் உத்தரவே மழை விடுமுறைதான். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதுபோல அதை அவர் பதிவிட்டார். ஒரே நாளில் மாநிலம் முழுக்கப் பிரபலமானார். அதே வாரம் பக்கத்து எறணாகுளத்தில் விடுமுறை அறிவிப்பு காலை எட்டு மணிக்கு மேல்தான் வந்தது. அதற்குள் பல பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டார்கள். பெற்றோர் அந்தக் கலெக்டரை வறுத்தெடுத்துவிட்டார்கள்.

ஓர் அதிகாரி எத்தனை மணிக்கு லீவு விட்டார் என்பதை வைத்து அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு தலைமுறையே தீர்ப்பு எழுதுகிறது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பருவநிலை மாற்றம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்கும்போது அரசிடம் உடனே எடுத்துக் கொடுக்க இருக்கும் பதில் அந்த ஒற்றை உத்தரவு மட்டுமே என்பது சிரிக்கிற விஷயமில்லை.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது கேரளத்தின் தென்கோடி. நெய்யாற்றின்கரைக்குச் சற்று வடகிழக்கே இருக்கும் பெருங்கடவிளை பஞ்சாயத்தும், அதைச் சுற்றிப் பாறசாலை, கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை என்று களியக்காவிளை எல்லைவரை நெருங்கும் கிராமங்களும். ரப்பர், மரச்சீனி, வாழை. இடையிடையே கல் குவாரிகள் குடைந்த பாறைக் குன்றுகள். ஒரு பக்கம் நெய்யாறு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்துக்கு வந்தன. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு போட்டாயிற்று. மழை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் பெய்கிறது. திருவனந்தபுரம் கலெக்டர் லீவு விடுவார், நாகர்கோவிலில் விட்டிருக்க மாட்டார்கள். அல்லது மறுதலையாக நடக்கும். களியக்காவிளைச் சந்தையில் ஒரு பக்கத்துப் பிள்ளை புத்தகப் பையோடு நனைந்தபடி நடக்க, இன்னொரு பக்கத்துப் பிள்ளை வீட்டில் படுத்துக்கிடக்கும்.

2025 ஜூலை கடைசியில், அப்போது கேரளப் பொதுக்கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி ஒரு கேள்வியைப் பொதுவெளியில் போட்டார். ஏப்ரல், மே மாதங்களில் விடும் கோடை விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன? மழை மாதங்களில் லீவுக்கு மேல் லீவு விட்டுப் பாடம் கெட்டுப்போகிறதே என்பது அவர் காட்டிய காரணம். வெயில் மாதமும் மழை மாதமும் கலந்து மே, ஜூனில் விடலாமா என்றும் பேச்சு வந்தது. மக்கள் கருத்துச் சொல்லட்டும் என்றார்.

ஓர் அமைச்சர் பருவநிலையை முன்னிட்டுப் பள்ளி நாட்காட்டியையே கேள்விக்கு உட்படுத்தியது சின்ன விஷயமில்லை. அந்த அளவில் பாராட்டலாம். ஆனால் கேள்வி சரி, விடை சிக்கல். அந்தச் சிக்கல் எங்கே என்பது இந்த எல்லைக் கிராமங்களில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாளும் ஜூன் 1. புதுக்குடை, புதுப்பை, முதல் மழை என்று மூன்றையும் சேர்த்தே அங்கே சிறுவயது நினைவுகள் எழுதப்படுகின்றன. இடவப்பாதி என்று அங்கே சொல்லும் அந்தப் பருவமழை சொன்ன தேதிக்கு வரும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய நாட்காட்டி அது. அந்த நம்பிக்கைதான் இப்போது உடைந்து கிடக்கிறது. 2023இல் பருவமழை ஜூன் 8இல் வந்தது. வந்தும் அந்த ஜூன் மாதம் பெய்தது வழக்கத்தில் பாதிகூட இல்லை. 2025இலோ மே 24ஆம் தேதியே வந்து நின்றது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஒரு வருடம் ஜூனில் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், ஒரு வருடம் விடுமுறை முடியும் முன்பே வெள்ளம்.

இது வட கேரளத்துக்குப் பொருந்தும் கதை. தெற்கின் கணக்கே வேறு. காசர்கோட்டில் ஜூன் முதல் செப்டம்பர்வரை பெய்யும் மழையில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியை அலைக்கழிப்பது அதற்குப் பிறகு வரும் துலாவர்ஷம், நாம் வடகிழக்குப் பருவமழை என்று சொல்வது.

மூன்று தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2001 நவம்பர் 9: பெருங்கடவிளை பிளாக்கைச் சேர்ந்த மலையோரக் கிராமமான அம்பூரியில் இரவில் மண்சரிந்து நாற்பதுக்கு நெருக்கமானவர்கள் இறந்தார்கள். 2017 நவம்பர் 30: ஒக்கி புயல். பொழியூர், பூவார், விழிஞ்ஞம் கரைகளிலும் நம் குமரிக் கரையிலும் அது என்ன செய்தது என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பர் 13: பெருமழையில் நெய்யாற்றின்கரை மூன்றுகல்லின்மூட்டில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது, பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. கோவிட் மூடல் முடிந்து கேரளப் பள்ளிகள் திறந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மூன்றும் நவம்பர். விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றியிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த விடுமுறைக்குள் விழுந்திருக்காது. 2018 பெருவெள்ளம் ஆகஸ்டில் வந்தது. கூட்டிக்கல் நிலச்சரிவு 2021 அக்டோபரில். தலைமைச் செயலகம் இருக்கும் மாவட்டத்தின் மழையே அந்த யோசனைக்குள் அடங்கவில்லை என்பது இதில் கொஞ்சம் வேடிக்கை.

அடுத்தது வெயில். மழைக்கு விடுமுறை கொடுத்தால் ஏப்ரலிலும் மேயிலும் பிள்ளைகள் வகுப்பில் உட்கார வேண்டும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டி வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது. கேரளத்துக்கு அது அரிது. மே 6 வரை கல்வி நிறுவனங்களை மூட அரசு உத்தரவிட்டது. விடுமுறைக் கால வகுப்புகளும் பயிற்சி முகாம்களும் நின்றன. அதே ஏப்ரல் 26இல் மக்களவைத் தேர்தல். வரிசையில் நின்ற வாக்காளர்கள் சிலர் மயங்கி விழுந்து இறந்தார்கள். வாக்குச்சாவடி வைத்திருந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில். பெரியவர்கள் ஒரு மணி நேரம் நிற்க முடியாத இடத்தில் பிள்ளைகளை ஆறு மணி நேரம் உட்காரவைக்கலாமா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிலிப்பைன்ஸ் இந்தப் பரீட்சையை ஏற்கெனவே எழுதிப் பார்த்துவிட்டது. கோவிட் காலத்தில் அங்கே பள்ளி ஆண்டின் தொடக்கம் ஜூனிலிருந்து தள்ளிப்போனது. அதனால் ஏப்ரல், மே வெயிலில் வகுப்பு. 2024 கோடையில் வெப்பம் தாங்காமல் ஆயிரக்கணக்கான பள்ளிகள் நேரடி வகுப்பை நிறுத்தின. அதிபர் மார்க்கோஸ் பழைய ஜூன் நாட்காட்டிக்கே திரும்ப ஒப்புதல் கொடுத்தார். கேரளம் எந்தப் பக்கம் போகலாமா என்று யோசித்ததோ, அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அவர்கள் மழையோடும் புயலோடும் மல்லுக்கட்டுகிறார்கள். நாட்காட்டியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஏதோ ஒன்று வந்து இடிக்கிறது.

யுனிசெஃப் 2025 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி 2024இல் மட்டும் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு வெப்பத்தாலோ புயலாலோ வெள்ளத்தாலோ தடைபட்டது. இந்தியாவில் சுமார் ஐந்தரைக் கோடி, பெரும்பாலும் ஏப்ரல் வெயிலால். இந்தக் கணக்கில் வருவது பள்ளி மூடிய, நேரம் மாற்றிய நாட்கள். பள்ளி திறந்தே இருந்து பாடம் நடக்காமல் போன நாட்களை யார் எண்ணுவது?

அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் மிஷன் காலத்துச் சாயல் மாறாத பழைய பள்ளிக் கட்டடங்கள் இன்னும் உண்டு. நீளமான ஒரே கூடம். உத்தரம், கைமரம், ரீப்பர், மேலே ஓடு. சுவர் இடுப்பளவு அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் அழி. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி. நல்ல காற்று வரும், அது உண்மை. சாய்ந்த மழை அடித்தால் ஓரத்து பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டு நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஏழு பேர் உட்காருவார்கள். ஓடு பழுதாகி அந்த இடத்தில் தகர ஷீட் போட்ட கூடம் என்றால் கதை முடிந்தது. மழை வலுத்ததும் டீச்சரின் குரல் முதல் பெஞ்சுக்கே கேட்காது. கையைக் காட்டி எழுதச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடுவார். வருகைப் பதிவேட்டில் அது முழு நாள் வகுப்பு.

அதே ஷீட் மார்ச் மாதம் மதியம் இரண்டு மணிக்கு வேறு வேலை செய்யும். மேலிருந்து அனல் இறங்கும். மின்விசிறி சூட்டைக் கிளறிவிடும். மதிய உணவு முடிந்து அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எங்கே ஏறும்? வெப்பமான நாட்கள் கூடக் கூட இந்தியப் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் குறைவதை ஆராய்ச்சியாளர்கள் தேர்வு மதிப்பெண்களிலேயே கண்டிருக்கிறார்கள். கேரளம் 2024 பிப்ரவரியில் காலை பத்தரைக்கும் மதியம் இரண்டரைக்கும் ‘வாட்டர் பெல்’ அடிக்க உத்தரவிட்டது; அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும் அது வந்தது. நல்ல ஏற்பாடு, செலவில்லாதது. ஆனால் மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், ஷீட்டுக்குக் கீழே உள்ள சூட்டை மணி இறக்காது. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் மேற்கூரையில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசும் குளிர்கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லையைத் தாண்டி எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் அது ஒன்று.

மே மாதக் கடைசியில் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளாட்சித் துறைப் பொறியாளர் வந்து பார்த்து ‘ஃபிட்னஸ்’ சான்று கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஜூனில் திறக்கக் கூடாது என்பது கேரளத்து விதி. விதியில் குறையில்லை. எல்லாப் பள்ளிகளையும் ஓரிரு வாரத்தில் பார்த்து முடிக்க வேண்டிய அந்தப் பொறியாளரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. பருவமழை மே 24க்கே வந்துவிடும் ஆண்டில், அவர் பார்க்க வருவதற்குள் கூரை தன் சான்றிதழைத் தானே கொடுத்துவிடும். 2025 ஜூலையில் ஆலப்புழை மாவட்டம் கார்த்திகப்பள்ளியில் அரசு யு.பி. பள்ளியின் பழைய கட்டடக் கூரை மழையில் சரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தப்பினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் கொல்லம் தேவலக்கரையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளியின் சைக்கிள் ஷெட்டின் மேலே விழுந்த செருப்பை எடுக்க ஏறி, தாழ்ந்து தொங்கிய மின்கம்பியில் அடிபட்டு இறந்தான். மாதக் கடைசிக்குள் ராஜஸ்தானின் ஜாலாவாட்டில் மழையில் ஊறிய பள்ளிக் கூரை இடிந்து ஏழு பிள்ளைகள் மாண்டார்கள். உடனே மாநிலம் மாநிலமாகப் பாதுகாப்புத் தணிக்கை.

இந்த வரிசை நமக்குப் புதிதா என்ன? 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் வெந்து போன பிறகு தமிழகப் பள்ளிகளின் ஓலைக்கூரைகள் இறங்கின. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. இடிக்க வேண்டிய கட்டடம் எது என்பது அதற்கு முந்தைய நாளும் தலைமை ஆசிரியருக்குத் தெரியும். அவர் எழுதிய கடிதம் எந்த அலுவலகத்து மேசையில் கிடந்தது என்பதுதான் அரசியல்.

கேரளத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. பள்ளிகளில் பாதிக்கு மேல் உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடம் மேனேஜருடையது. தெற்கே திருச்சபைகள், சமுதாய அமைப்புகள், தனிநபர்கள் என்று பலர் மேனேஜர்கள். ஓடு உடைந்தால் மேனேஜர் அரசின் பராமரிப்பு மானியம் போதாது என்பார். அரசு ‘உங்கள் கட்டடம்’ என்னும். ஆசிரியர் நியமனத்தில் இருக்கும் ஆர்வம் கூரையில் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டால் மேனேஜர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். தேவலக்கரைப் பள்ளியின் நிர்வாகத்தை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அது ஓர் எச்சரிக்கை. ஆனால் எடுத்தது ஒரு பிள்ளை போன பிறகு.

அரசுப் பள்ளியின் கூரைக்காவது உரிமையாளர் தெளிவாக இருக்கிறாரா? சட்டப்படி இருக்கிறார். 1995இல் அரசு எல்.பி., யு.பி. பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டப் பஞ்சாயத்திடமும் கேரளம் ஒப்படைத்தது. பராமரிப்பு நிதியும் அதன் வழியே வருகிறது. அதாவது பெருங்கடவிளையில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் ஓடு ஒழுகினால் பதில் சொல்ல வேண்டியவர் தலைநகரத்து அமைச்சர் அல்ல, தெருவில் எதிர்ப்படும் வார்டு மெம்பர். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர்களுக்கு இந்த அளவு அதிகாரம் கிடையாது. ஆனால் கேரளத்துப் பஞ்சாயத்துகளின் கையில் இருக்கும் அதிகாரம் ஓட்டு வேட்டைக்கு உதவாது என்பதால் அது தூசி பிடித்துக் கிடக்கிறது. புதுக் கட்டடம் கட்டினால் கல்வெட்டில் பேர் வரும், ரிப்பன் வெட்டலாம். 2017க்குப் பிறகு பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கமும் கிஃப்பி என்ற மாநில உள்கட்டமைப்பு நிதி வாரியத்தின் பணமும் சேர்ந்து எழுப்பிய பளபளப்பான பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தவர்கள் அவற்றைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஓடு மாற்றியதற்கும் ஓடை தூர்வாரியதற்கும் கல்வெட்டு வைப்பதில்லை என்பதுதான் என் குறை.

மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வேலையும் வந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண முகாம்களில் இருந்தார்கள். முகாம்களில் பெரும்பங்கு பள்ளிகள். வெள்ளம் வடிந்தால் முகாம் கலையும். கடல் எடுத்த வீடு வடியாது. திருவனந்தபுரம் வலியதுறையில் கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பள்ளி வகுப்பறைகளிலும் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு. பக்கத்து அறையில் பாடம். நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடைசிக் கடற்கரையான பொழியூரிலும் கடல் வீடுகளைத் தின்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நீரோடியில் தமிழ்நாடு போட்ட தூண்டில் வளைவுதான் காரணம் என்று பொழியூர்க்காரர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். அவர்களும் புலிமுட்டு, அதாவது தூண்டில் வளைவு, கேட்கிறார்கள். ஒரு கரையைக் காத்த கல் அடுத்த கரையை அரிக்கும் என்பது கடலோரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு மாநிலமும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசாதவரை அந்தக் கணக்கில் பிள்ளைகளின் வகுப்பறையும் சேரும்.

நெய்யாற்றின் கதையும் அப்படித்தான். 1950களின் இறுதியில் முடிந்த நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வயல்களுக்கும் தண்ணீர் கொடுத்தது. 2004இல் கேரளம் நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கில் பேசப்படுவது ஏக்கரும் கன அடியும். கால்வாயில் தண்ணீர் ஓடினால் கரையோரக் கிணறுகள் ஊறும், கிணறு ஊறினால் மார்ச்சில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்கும் என்பது எந்த மனுவிலும் வராது. பெண்பிள்ளைகள் வெயில் மாதங்களில் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிப்பதற்கும் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததற்கும் என்ன தொடர்பு என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். வாட்டர் பெல் அங்கே வந்துதான் முட்டி நிற்கிறது.

நீர் சூடாவதன் ஆபத்தும் இந்தத் தாலுகாவுக்குத் தெரியும். 2024இல் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அதியன்னூரில் குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு மூளையைத் தாக்கும் அமீபா தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் செழிக்கும் கிருமி அது. 2025 ஆகஸ்ட் இறுதியில் ‘ஜலமாணு ஜீவன்’ என்று பெயரிட்டுக் கிணறுகளில் குளோரின் போட்டு, தொட்டிகளைக் கழுவி, பள்ளிகளையும் அதில் சேர்த்தது கேரளம். இதுபோன்ற வேலையில் கேரளத்தை மிஞ்ச ஆளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி நாட்காட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் அரசியல் தலைமை என்பது அங்கேதான் சோதிக்கப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 நாளும் ஆறு முதல் எட்டுவரை 220 நாளும் கேட்கிறது. கேரள அரசு 2024இல் சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 நாள் நாட்காட்டி போட்டது. ஆசிரியர் சங்கங்கள் வழக்குப் போட்டன. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு உயர்நிலை வகுப்புகளுக்குக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி கூட்டினார்கள். மதரசா நேரம் பாதிக்கும் என்று சமஸ்தா என்ற முஸ்லிம் மார்க்க அறிஞர் அமைப்பு எதிர்த்தது. வெறும் அரை மணி நேரத்துக்கே இவ்வளவு. இரண்டு மாத விடுமுறையைப் புரட்டிப்போட வேண்டுமானால் திருவிழா, நுழைவுத் தேர்வு, ஊருக்கு வரும் வளைகுடா அப்பாக்களின் விடுப்பு என்று எத்தனை பேரிடம் பேச வேண்டும்!

என் கருத்து இதுதான்: மாநிலம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி என்பதையே கைவிட வேண்டும். மொத்த நாட்களை அரசு நிர்ணயிக்கட்டும். அதில் ஒரு பகுதியை, இருபது நாளோ இருபத்தைந்து நாளோ, மாவட்டமும் பஞ்சாயத்தும் தங்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப நகர்த்திக்கொள்ளட்டும். காசர்கோடு ஜூலையில் எடுத்துக்கொள்ளும், பெருங்கடவிளை நவம்பருக்கு வைத்துக்கொள்ளும், பாலக்காடு மார்ச்சில் காலை வகுப்பு நடத்தும். அதற்கு வேண்டிய தகவல் ஊரிலேயே கிடைக்கும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் 240 மேல்நிலைப் பள்ளிகளில் மழைமானி, ஈர-உலர் வெப்பமானி, காற்றுத் திசைகாட்டி என்று சிறு வானிலை நிலையங்களை அமைத்தார்கள். மாணவர்களே அளந்து குறிக்கிறார்கள். 2020இல் எல்லா உள்ளாட்சிகளும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதிவைத்தன. பிள்ளைகள் அளந்த மழையையும் பஞ்சாயத்து அலமாரியில் இருக்கும் அந்தத் திட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்வதற்குப் பெரிய ஞானம் வேண்டாம், ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் முனைப்பு போதும்.

முனைப்பு இருந்தால் நடக்கும் என்பதற்கு உதாரணம் பக்கத்துத் தொகுதியிலேயே உண்டு. காட்டாக்கடை சட்டமன்ற உறுப்பினராக 2016இல் வந்த ஐ.பி. சதீஷ் ‘ஜலசம்ருத்தி’ என்று ஒரு வேலையைத் தொடங்கினார். பஞ்சாயத்துகளையும் துறைகளையும் கூட்டிவைத்து நூற்றுக்கணக்கான குளங்கள் வெட்டினார்கள். பள்ளிக் கூரைத் தண்ணீரைக் கிணற்றில் இறக்கினார்கள். பிள்ளைகளையும் இந்த வேலைக்குள் இழுத்தார்கள். பல ஆண்டுகள் விடாமல் நடந்ததுதான் அதன் பெருமை.

அந்தத் தொகுதியில்தான் ஊருட்டம்பலமும் இருக்கிறது. 1910இல் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்து அழைத்துப் போய் அங்கிருந்த பள்ளியில் உட்காரவைத்தார். ஆதிக்க சாதிக்காரர்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். கருகிய ஒரு பெஞ்சு அங்கே இன்னும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி பெயரே சூட்டப்பட்டது. பள்ளியில் இடம் கேட்டு வயல் வேலையை நிறுத்தியவர்கள் அந்த மக்கள். பள்ளி வாசலுக்காக அரசியல் நடந்த மண் இது. வாசல் திறந்தாயிற்று, கூரைக்காகவும் கிணற்றுக்காகவும் அதே அரசியல் இன்று ஏன் நடக்கவில்லை என்று கேட்க இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

குவாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பரில் பெருங்கடவிளை பஞ்சாயத்தின் மாராயமுட்டத்தில் பாறை சரிந்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். குன்றுகளைக் குடைந்துகொண்டே மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? பள்ளி நேரத்தில் டிப்பர் லாரி ஓடக் கூடாது என்று தடை இருக்கிறது. அந்தத் தடையை வாங்கித் தந்தது பிள்ளைகளை இழந்த ஊர்களின் கோபம்.

2025 டிசம்பரில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புது மெம்பர்கள் வந்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட்ட வேண்டும் என்பது சட்டம். பாறசாலை, பெருங்கடவிளைப் பக்கத்து வாசகர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது மூன்றே கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: நம் வார்டுப் பள்ளியின் ஃபிட்னஸ் சான்றை மே மாதக் கடைசிக்கு விடாமல் ஏப்ரலிலேயே பார்க்க முடியுமா? பராமரிப்பு நிதியில் கூரைக்கும் கழிப்பறைத் தண்ணீருக்கும் இந்த ஆண்டு எவ்வளவு? பள்ளி முகாமாக மாறினால் வகுப்பு எங்கே நடக்கும்? களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் இதே கேள்விகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் மே 1 கிராமசபையிலும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள்.